கூப்பிட்டால் திரும்பாதவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

என் பெண் கட்டெறும்புக்கு மறுபடி சளி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பெரிய குழந்தைகள் கிளினிக்கில் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. மீன் தொட்டி இருக்கிறது, சுவரில் யானையும் குரங்கும் இருக்கின்றன, டோக்கன் எண் மின்னும் பலகை இருக்கிறது. டாக்டருக்கு நேரம்தான் இல்லை.

நர்ஸ் கதவைத் திறந்து, "அடுத்த பாப்பா அம்மா வாங்க" என்றார். அங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்தேன். "அம்மா வரலையா?" வரவில்லை என்றேன். "வீட்டுல வேற லேடீஸ் யாரும்?" யாரும் இல்லை என்றேன். அதுவரை மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

டாக்டர் தலை நிமிரவே இல்லை. நெஞ்சில் குழலை வைத்தார், எழுதினார், கிழித்து நீட்டினார். "ரெண்டு வயசு ஆகப்போகுது டாக்டர், இன்னும் பேச்சு வரலை. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறா" என்றேன். "அடுத்த தடவை அம்மாவை வரச் சொல்லுங்க, அவங்ககிட்ட கேட்டுக்கறேன்" என்றார். அம்மா நடுக்கடலில் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பாப்பா அம்மா உள்ளே வந்துவிட்டார்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பிப்ரவரி 5

கப்பல்காரி பேசினாள். என் மனைவிக்கு நான் வைத்த பெயர் அது. துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அழைப்பாள். படம் வராது, குரல் மட்டும். பயணிகள் கப்பலில் முடி வெட்டும் வேலை, அழகு நிலையம் என்று பெயர். குழந்தை எழுந்து நிற்கப் பழகிய சமயத்தில் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுதான். யார்மேலும் பழி போட முடியாத முடிவு. அதுதான் இதில் இருக்கும் பெரிய தொந்தரவு.

முதல் கேள்வி வழக்கம்போல்: "முடியை வெட்டிடலையே?" கட்டெறும்பின் முதல் முடிவெட்டு தன் கையால்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முன்முடி மூக்கைத் தொடுகிறது. ஒரு கிளிப் போட்டு ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

பிறகு, "அவகிட்ட குடு." போனைக் குழந்தையின் காதில் வைத்தேன். "கட்டெறும்பே, அம்மாடி, அம்மா பேசறேன்டி" என்று அவள் கொஞ்சுவது எனக்கே கேட்டது. குழந்தை போனைத் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். 

"என்ன பண்றா?"

"விளையாட்டு மும்முரத்துல இருக்கா. நேத்துகூட உன் போட்டோவைப் பாத்து அம்மான்னு சொன்னா."

எதற்கு இந்தப் பொய்? "சரி, வச்சுடறேன்" என்றாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

பிப்ரவரி 11, புதன்

டாக்டர் தேடும் படலம். நான் வேலைக்குப் போகும்போது கட்டெறும்பைக் கீழ்வீட்டு அக்காவிடம் விடுகிறேன். அக்கா வீட்டில் இன்னும் சில குழந்தைகளும் உண்டு. மாலையில் கூட்டிப் போக வரும் அம்மாக்கள் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு மாநாடு நடத்துவார்கள். இன்று நானும் கலந்துகொண்டேன்.

பூங்கா ஓரம் இருக்கும் பெண் டாக்டருக்கு எல்லாரும் ஓட்டு. "சிரிச்சுக்கிட்டே பாப்பாங்க. குழந்தை அழவே அழாது." சாவிக்கடை மாடியில் இருக்கும் ஆண் டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லாருக்கும் முகம் மாறிவிட்டது. "சிடுமூஞ்சி. டோக்கனே கிடையாது. யாரை முதல்ல கூப்பிடுவார்னு அவருக்கே வெளிச்சம்." "என்னை அழவச்சுட்டார். குழந்தையை இல்லைங்க, என்னை!" "அவர்கிட்ட போறதுக்குக் காய்ச்சலே தேவலாம்."

சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நாலு பேரோடு நின்று சிரித்தேன். பிறகு அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அக்கா மெதுவாக, "தப்பா நினைக்காத தம்பி. புள்ள அம்மாவை நினைச்சு ஏங்கிப்போச்சு. அதான் வாயே திறக்க மாட்டேங்குது" என்றார்.

பிப்ரவரி 14, சனி

பூங்கா டாக்டரிடம் போனோம். இனி அவர் பெயர் சிரிப்பு டாக்டர். கட்டெறும்பின் கையில் பூ ஸ்டிக்கர் ஒட்டினார். "அம்மா எங்கே" என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். கப்பல், துறைமுகம், முன்முடி, எல்லாவற்றையும். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். "தனியா எப்படிங்க சமாளிக்கறீங்க? நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

அந்தக் கேள்வியை யாரும் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று சொன்னதற்கு, "மகாராணி! நீங்க கூப்பிட்டதும் உடனே திரும்பிடணுமா?" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். "அம்மா ஞாபகம் இருக்கும். நேரம் குடுங்க, தானா வரும்." தெம்பாக வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 20

ஒன்று கவனித்தேன். கட்டெறும்பு மடியில் ஏறி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள். நான் ஏதாவது சொன்னால் முகத்துக்கு மிக அருகில் வந்து உற்றுப் பார்க்கிறாள். மூக்கோடு மூக்கு இடிக்கிறது.

கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவன் நான். கிட்டே வந்து பார்ப்பவர்களைத்தான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். இது கண். சந்தேகமே வேண்டாம். தூரத்தில் இருப்பது அவளுக்கு மங்கலாகத் தெரிகிறது. அதனால்தான் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, திரும்பி என்ன பிரயோஜனம் என்று விட்டுவிடுகிறாள். எல்லாம் பொருந்துகிறது.

எனக்கு ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை?

மார்ச் 2, திங்கள்

கடைக்கு அழைத்துப் போனேன். முதலாளியே உட்கார்ந்து பார்த்தார். விழியில் ஒளியடித்தார், பட அட்டைகளைத் தூரத்தில் பிடித்துக் காட்டினார். வாத்துப் படத்தைக் காட்டியதும் கட்டெறும்பு ஓடிப்போய் அலமாரியில் இருந்த வாத்துப் பொம்மையைத் தொட்டாள். "யோவ், இவ கண்ணு உன் கண்ணைவிட நல்லா இருக்கு" என்றார்.

"சரியாப் பாருங்க முதலாளி. கிட்ட வந்துதான் பாக்கறா."

"உன் மூஞ்சி அவ்வளவு அழகா இருக்குன்னு பாக்கறாளோ என்னவோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பவர் கண்டுபிடிப்பது கஷ்டம். முதலாளியும் மனுஷர்தானே. தவறியிருக்கலாம்.

நான் மெஷினை ஓட்டும்போது அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மற்றக் குழந்தைகள் அந்த இரைச்சலுக்கு வாசல் பக்கமே வர மாட்டார்கள். என் பெண் என்று பெருமையாக இருந்தது.

மார்ச் 9

இன்று கடையை விட்டு வந்தபின் யாரோடும் பேசவில்லை. கட்டெறும்போடும்தான். பேசினால் யார் பதில் சொல்கிறார்கள்? ஊட்டினேன், துடைத்தேன், உடை மாற்றினேன். ஊமைப்படம்போல் ஓடுகிறது வீடு.

மார்ச் 14, சனி

சிரிப்பு டாக்டரிடம் போனேன். லேசான மூக்கொழுகல், அவ்வளவுதான். வீட்டிலேயே விட்டிருந்தால் சரியாகியிருக்கும். போன வாரமும் போனேன். அப்போது தொடையில் ஒரு தடிப்பு, வண்டியில் ஏறும்போதே அது மறைந்துவிட்டது.

"வாங்க வாங்க" என்றார். எனக்கு வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். கண் விஷயத்தைச் சொன்னேன். "இன்னொரு கண் டாக்டர்கிட்ட வேணும்னா காட்டுங்க, தப்பில்லை" என்றார். இந்த ஊரில் நான் சொல்வதற்கு மறுப்பே சொல்லாதவர் அவர் ஒருவர்தான். வெளியே வந்ததும் பூங்கா பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். எதற்கு வந்தோம் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 27, வெள்ளி

கப்பல்காரி பேசினாள். குரலில் உற்சாகம் இல்லை. ஒப்பந்தம் ஆகஸ்ட்டில் முடிகிறது. இன்னொரு முறை வரச்சொல்லிக் கேட்கிறார்களாம். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை."

போனைக் குழந்தையின் காதில் வைத்தேன். தள்ளினாள். மறுபடி வைத்தேன். சிணுங்கினாள். அந்தச் சிணுங்கல் அங்கே கேட்டுவிட்டது.

"விடுப்பா. கட்டாயப்படுத்தாத. என்னைப் பிடிக்கலைன்னா அவ என்ன பண்ணுவா?"

"அதெல்லாம் இல்லை."

"என் குரலே அவளுக்கு மறந்துபோச்சு. மறந்தவகிட்ட திரும்பி வந்து, நான்தான் உங்கம்மான்னு எப்படிச் சொல்றது? இங்கயே இருந்துடலாம்போல இருக்கு."

வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உன் இஷ்டம்" என்றேன். பெரிய மனுஷத்தனம்!

ஏப்ரல் 9, வியாழன்

கட்டெறும்புக்கு அனலாகக் காய்ச்சல். காதைப் பிடித்து இழுத்து அழுதாள். தூக்கிக்கொண்டு ஓடினால் சிரிப்பு டாக்டரின் கதவில் "விடுமுறை" என்று அட்டை, ஓரத்தில் ஒரு பூ ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் சாவிக்கடை மாடிக்குப் போனேன்.

செங்குத்தான படி. மேலே இரண்டு பெஞ்ச், தரையில் ரப்பர் பாய், அதில் மரக்கட்டைகள். மீன் கிடையாது, யானை கிடையாது. டாக்டரின் அறைக்கதவு பாதி திறந்தே இருக்கிறது. உள்ளே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டே வெளியே விளையாடுகிற குழந்தைகளையும் எட்டி எட்டிப் பார்க்கிறார். கீழே சாவி வெட்டும் மெஷின் அவ்வப்போது கிறீச்சிடுகிறது. திடீரென்று, "அந்த முடிக்காரி வரட்டும்" என்று ஒரு குரல். எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் முணுமுணுத்தார். "உங்க பையன் தாவிக் குதிக்கிறான், அந்தப் பொண்ணு கட்டைமேலயே சாஞ்சு உக்காந்திருக்கு. உக்காருங்க" என்று அவருக்கு ஒரு அதட்டல்.

உள்ளே போனதும் கேட்டார்: "குழந்தையை யார் பாத்துக்கறது?"

"நான்தான்."

"அப்போ நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். அம்மா எங்கே, ஆத்தா எங்கே என்று ஒன்றுமில்லை. பூ ஸ்டிக்கர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை முறை சளி, எப்போது, என்ன மருந்து என்று குடைந்து குடைந்து கேட்டார். "தேதி ஞாபகம் இல்லை" என்றதற்கு, "ஸ்டிக்கர் குடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார். காதுக்குள் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கட்டெறும்பு வீறிட்டு அழுதாள், அவர் சட்டை செய்யவில்லை.

"சீழ் பிடிச்சிருக்கு. மருந்து தரேன். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"காய்ச்சல் விட்டுட்டா எதுக்கு…"

"கீழ சாவி மெஷின் கத்தும்போதெல்லாம் எல்லாக் குழந்தையும் ஜன்னலைப் பாக்குது. உங்க பொண்ணு ஒரு தடவைகூடப் பாக்கலை. அதுக்கு."

காய்ச்சலில் கிடக்கும் குழந்தை எதைப் பார்க்கும்? சரியான கிறுக்கு.

ஏப்ரல் 17, வெள்ளி

போகவே கூடாது என்று நினைத்திருந்தேன். போனேன்.

கட்டெறும்பை எனக்கு எதிரே சின்ன நாற்காலியில் உட்காரவைத்தார். கையில் இரண்டு கட்டைகளைக் கொடுத்தார். அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கட்டெறும்பு" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டார். குழந்தை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"நீங்கதான் காட்டிக் குடுக்கறீங்க" என்று என்மேல் எரிந்து விழுந்தார். "நான் கூப்பிட்டதும் நீங்க என்னைப் பாத்தீங்க. உங்க கண்ணு போன பக்கம் அவ பாத்தா. இப்போ அவளை மட்டும் பாருங்க. முகத்துல ஒண்ணும் காட்டாதீங்க."

அவளையே பார்த்தேன். பின்னால் அவர் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார். காகிதத்தைக் கசக்கினார். கிண்ணத்தில் கரண்டியால் மெல்லத் தட்டினார். எல்லாம் என் காதில் விழுகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். என்னப்பா, இன்னைக்கு ஏன் இப்படி உம்முன்னு இருக்க என்பதுபோல. கடைசியில் எட்டி என் தாடையைப் பிடித்தாள்.

அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை.

"செவிப்பறைக்குப் பின்னால சளித்தண்ணி தேங்கி நிக்குது. ரெண்டு பக்கமும். தண்ணிக்குள்ள முங்கிட்டு, கரையில பேசறதைக் கேக்கற மாதிரி இருக்கும் அவளுக்கு. பெரிய சத்தம் கொஞ்சம் விழும். பேச்சு விழாது."

"நான் கண்ணுன்னு நினைச்சேன் டாக்டர். நான் கண்ணாடிக் கடையில…"

"கண்ணை வச்சுத்தான் இவ்வளவு நாள் சமாளிச்சிருக்கா. கெட்டிக்காரி." முதல் முறையாகக் கொஞ்சம் சாந்தமாகப் பேசினார். "இது சரியாகிற விஷயம். முதல்ல காது டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுங்க. தண்ணி தானா வடியுதான்னு கொஞ்ச காலம் பாப்போம். அதுவரைக்கும் முகத்துக்கு நேரா உக்காந்து பேசுங்க. நிறையப் பேசுங்க. வீட்டுல பேசறீங்கதானே?"

நான் குனிந்து கட்டெறும்பின் செருப்பை மாட்டினேன்.

ஏப்ரல் 18

அவள் அம்மாவை மறக்கவில்லை. அவளுக்குக் குரலே போய்ச் சேரவில்லை. போனில் வந்ததெல்லாம் காதில் இடிக்கிற ஒரு சில்லிட்ட பொருள், அவ்வளவுதான். ஐயோ, தள்ளிவிடத்தானே செய்வாள்!

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தூக்கம் வராது. குழந்தைக்கு டாக்டர் தேடுகிறேன் என்று கிளம்பி, நான் பேசுவதைக் கேட்க ஓர் ஆள் தேடியிருக்கிறேன்.

ஏப்ரல் 25, சனி

காது டாக்டரின் சோதனையும் அதையேதான் சொல்லிற்று. கப்பல்காரி அழைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். 

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நான் மறுபடி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இப்படிச் சொல்றியா?"

"அது வேற, இது வேற."

"போட்டோவைப் பாத்து அம்மான்னு சொன்னான்னு சொன்னியே. காது கேக்காத புள்ள அதை எங்கேருந்து கத்துக்கிச்சு?"

கப்பல் கிளம்பும் நேரமாகிவிட்டது, துண்டித்துவிட்டாள். என்ன பேச்சு இது? புள்ளைக்குக் காது கேக்கலைன்னு எவனாவது பொய் சொல்லுவானா? சொல்லுவேன்னு நினைக்கறா. அவ மனசு கோணக் கூடாதுன்னு சொன்ன சின்னப் பொய்யெல்லாம் வரிசையா வந்து நிக்குது. இனிமே நான் சத்தியம் பண்ணினாலும் கெஞ்சற மாதிரிதான் இருக்கும்.

மே 6

பேசுகிறேன். பேசிக்கொண்டே இருக்கிறேன். தரையில் சம்மணம் போட்டு, அவள் முகத்துக்கு நேரே. பேச என்ன இருக்கிறது என்னிடம்? லென்ஸைப் பற்றிப் பேசினேன். சட்டத்துக்குள் உட்காராத லென்ஸை எப்படி ஓரம் ஓரமாகத் தேய்ப்பது, முதலாளி தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கடை முழுக்க அதைத் தேடியது, எல்லாம். கட்டெறும்பு என் வாயையே பார்க்கிறாள். சில சமயம் அவள் உதடும் சத்தமில்லாமல் அசைகிறது.

கீழ்வீட்டு அக்கா, "யாரு தம்பி வந்திருக்காங்க, பேச்சுக்குரல் கேட்டுச்சே" என்று படியில் நின்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எத்தனை தடவை அந்தப் புள்ளையைப் பிடிவாதக்காரின்னு திட்டியிருக்கேன்!" என்றார்.

மே 23

மருந்துக்கடையில் சிரிப்பு டாக்டரைப் பார்த்தேன். நழுவிவிடப் பார்த்தேன், அவர் விடவில்லை. "என்ன ஆளையே காணோம்?" சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் இன்றுதான் பார்க்கிறேன். "காதைப் பாத்திருக்கணும்" என்றார். "நீங்க சொன்னதைக் கேட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டே இருந்துட்டேன்." கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 10, புதன்

தண்ணீர் வடியவில்லை. சிடுமூஞ்சியும் காது டாக்டரும் பேசிக்கொண்டார்கள். செவிப்பறையில் பொடி ஓட்டை போட்டு, ஒரு சின்னக் குழாய் வைக்க வேண்டுமாம். சின்ன வேலை என்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்களாம். மயக்க மருந்து என்ற பிறகு எது சின்ன வேலை?

கப்பல்காரி இந்த மாதம் ஒரே ஒரு முறை பேசினாள். குழந்தையிடம் கொடு என்று கேட்கவில்லை. ஆபரேஷன் தேதியைச் சொன்னேன். "சரி" என்றாள்.

ஜூலை 8

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கட்டெறும்பு என் தாடையை விடவில்லை, விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். எனக்குத் துணைக்கு என்று யாரும் இல்லை. வெளியே எல்லாரும் இரண்டு பேர், மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். நான் அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பக்கம் ஒரு அதட்டல் கேட்டது. "இங்கதான் இருக்கீங்களா? எந்த மாடின்னு சரியாச் சொல்லத் தெரியாதா இவங்களுக்கு?" சிடுமூஞ்சி டாக்டர். தன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். முடிந்துவிட்டது என்று சொன்னதும் மடித்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 9

குழாயில் தண்ணீர் திறந்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். மூடினேன். திறந்தேன். மூடினேன். பக்கெட் நிரம்பி வழிந்தது. நாங்கள் நிறுத்தவில்லை.

ஜூலை 11

எல்லாவற்றுக்கும் பயம். செருப்புச் சத்தத்துக்கு, பிளாஸ்டிக் பைக்கு, என் தும்மலுக்கு. தும்மினால் ஓடிவந்து என் வாயைப் பொத்துகிறாள்.

ஜூலை 19, ஞாயிறு

பகலில் போன் அடித்தது. மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கட்டெறும்பு மேஜைக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கா?" என்றாள் கப்பல்காரி. சோர்ந்துபோன குரல். நான் பதில் சொல்லவில்லை. இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் போதும் என்று இருந்தது.

"என்ன, லைன்ல இருக்கியா? எப்படி இருக்கா என் கட்டெறும்பு?"

கட்டையை வைக்கப்போன கை நின்றது. வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். எக்கி அதை எடுத்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று. 

"ஹலோ? ஏன் பேச மாட்டேங்கற?"

"த்தா" என்றாள் கட்டெறும்பு. இந்த வாரம் முளைத்த, எல்லாவற்றுக்கும் பொதுவான அவளுடைய ஒரே சொல் அது. தண்ணீரும் அதுதான், கட்டையும் அதுதான்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. "யாரு அது? யாருடி அது? இன்னொரு தடவை சொல்லு."

"த்தா."

நான் பால்கனிக்குப் போய்விட்டேன். துணி உலர்த்தினேன். ஏற்கெனவே உலர்ந்திருந்த துணியைத்தான். உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். என்னைப் பேசக் கூப்பிடவே இல்லை.

ஜூலை 28

கையெழுத்துப் போடவில்லையாம். "உனக்காக இல்லை, தெரிஞ்சுக்கோ" என்றாள். தெரியும் என்றேன். கொஞ்சம் எனக்காகவும்தான் என்று குரலில் இருந்தது. அல்லது நானாக நினைத்துக்கொண்டேனோ?

ஆகஸ்ட் 30

வந்துவிட்டாள். அலமாரியில் என் சட்டைகளுக்கு இடம் இல்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

இந்த இரண்டு வாரமும் சுலபமாக இல்லை. கட்டெறும்பு அவளை முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தாள். குரல் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. கப்பல்காரி அறைக்கு வெளியே போய் நின்று கதவுக்குப் பின்னாலிருந்து பேசுவாள். குழந்தை கதவைத் தள்ளிப் பார்ப்பாள். அப்படியே குரலையும் ஆளையும் ஒட்டவைத்தார்கள். நானும் அவளும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து, எதைப் பேசலாம் என்று யோசித்துப் பேசுகிறோம்.

இன்று முடிவெட்டு. பால்கனியில் ஸ்டூல் போட்டு, குழந்தையின் கழுத்தில் துண்டைச் சுற்றி, கப்பலிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோலை எடுத்தாள். காதோரம் கத்தரி அசைந்ததும் கட்டெறும்பு தோளைக் குறுக்கினாள். மறுபடி அசைந்தது. "கிச்சு" என்றாள். அம்மாவும் "கிச்சு" என்றாள். வெட்ட வெட்ட, கிச்சு கிச்சு என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் அடுப்படியில் இருந்தேன். முட்டை பொரித்து முடித்துவிட்டு, வழக்கம்போல் பதிலை எதிர்பார்க்காமல், "சாப்பாடு ரெடி" என்று சொன்னேன். பலமாகக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு தலைகளும் திரும்பின. கத்தரி நிற்கவில்லை.

முன்முடி ஒரு பக்கம் ஏகத்துக்கு ஏறிவிட்டது. "வெட்டும்போது யாராவது கூப்பிடுவாங்களா? எத்தனை தலை வெட்டியிருக்கேன், ஒண்ணுகூடக் கோணினதில்லை!" என்று கப்பல்காரி என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். சாப்பிடும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கத்தையும் வெட்டிச் சமன்செய்கிறேன் என்றாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.